மில் கணக்கை ஏஜென்ட்டோடு இணைத்தால் ஏன் 'இருப்பு பூஜ்யம்' என்கிறது?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்களுக்கு ஒரு ரைஸ் மில் இருக்கிறது. கணக்கு வழக்கை நான்தான் பார்க்கிறேன். நெல் வரவு, அரிசி, குருணை, தவிடு இருப்பு எல்லாம் ஒரு எஸ்கியூலைட் டேட்டாபேஸ் ஃபைலில் இருக்கின்றன. ஏஐ ஏஜென்ட்டிடம் கேட்டே இருப்பைத் தெரிந்துகொள்ளலாம் என்று, பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் என் தம்பி பைத்தானில் ஒரு எம்.சி.பி. சர்வர் எழுதிக் கொடுத்தான். டெர்மினலில் ஓட்டினால் நன்றாக ஓடுகிறது. கம்ப்யூட்டரில் உள்ள ஏஜென்ட் ஆப்பில் இணைத்தால் சில நேரம் இணைப்பே அறுந்துபோகிறது. இணைந்தாலும் 'இருப்பு பூஜ்யம்' என்கிறது, இல்லையென்றால் சம்பந்தமில்லாத டூலை, அதாவது சர்வரில் உள்ள வேறொரு ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. எங்கே கோளாறு? வெளியூர் போகும்போது ஃபோனிலிருந்தும் கேட்க வழி உண்டா?

பதில்: தம்பியின் புரோகிராமை முதலிலிருந்து மாற்றி எழுத வேண்டியிருக்காது. டெர்மினலில் அவன் ஓட்டும்போது அவன் நிற்கும் ஃபோல்டர், அவன் நிறுவிய பைத்தான், அவன் அமைத்து வைத்த செட்டிங் எல்லாம் கூடவே வருகின்றன. ஆப் அதே புரோகிராமைத் தொடங்கும்போது இவற்றில் எது வரும், எது வராது என்று நம்ப முடியாது. நீங்கள் சொல்லும் கோளாறுகளில் பாதி இங்கிருந்துதான் வரும்.

எம்.சி.பி. என்பது ஏஐ ஏஜென்ட்டை வெளியே உள்ள டேட்டாவோடும் டூல்களோடும் இணைக்க, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட பொது நெறிமுறை. 2025இல் ஓப்பன்ஏஐ, கூகுள் இரண்டும் அதை ஏற்றுக்கொண்டன. அதனால் தம்பி ஒருமுறை எழுதிய சர்வரை நாளைக்கு வேறு ஏஜென்ட்டிலும் மாட்டிக்கொள்ளலாம். ஒரே கம்ப்யூட்டருக்குள் இணைக்கும்போது, ஆப்தான் சர்வரைத் தொடங்கி வைக்கிறது. சர்வர் செய்தி வாங்கும் ஸ்டாண்டர்ட் இன்புட், செய்தி அனுப்பும் ஸ்டாண்டர்ட் அவுட்புட் வழியாக இரண்டும் ஜேசன் என்ற எழுத்து வடிவச் செய்திகளில் பேசிக்கொள்கின்றன.

இணைப்பு அறுவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரிண்ட் கட்டளையை. 'டேட்டாபேஸ் திறந்தது' என்று சோதனைக்காக ஒரு பிரிண்ட் போட்டிருந்தால், அந்த வரியும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டிலேயே போய் விழும். ஜேசன் செய்தியை எதிர்பார்க்கும் ஆப்புக்கு அது புரியாது. டெர்மினலில் பார்க்கும்போது அதே வரி பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். சில நேரம் மட்டும் அறுகிறது என்றால், அந்த பிரிண்ட் புரோகிராமின் ஏதோ ஒரு கிளையில் மட்டும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா பிரிண்ட்டையும் எடுத்துவிட்டு பைத்தானின் லாகிங் மாடியூலைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அது இயல்பாகவே ஸ்டாண்டர்ட் எரர் என்ற தனி வழியில் எழுதும், பேச்சு கெடாது.

அடுத்தது பாதை, அதாவது ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரி. ஆப்பின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் வெறுமனே 'பைத்தான்' என்று எழுதினால், கம்ப்யூட்டரில் உள்ள வேறொரு பைத்தான் ஓடலாம். எம்.சி.பி. நூலகம் அதில் இருக்காது. தம்பி இந்த வேலைக்கென்று தனி பைத்தான் ஃபோல்டர், அதாவது வெர்ச்சுவல் என்விரான்மென்ட் வைத்திருந்தால், அதற்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும். ஸ்கிரிப்ட்டுக்கும் அப்படியே. விண்டோஸ் என்றால், ஜேசன் ஃபைலுக்குள் பாதையில் வரும் பின்சாய்வுக் கோடு ஒவ்வொன்றையும் இரட்டையாகப் போட வேண்டும். மாற்றிய பிறகு ஆப்பை முழுதாக மூடித் திறக்க வேண்டும், ஜன்னலை மட்டும் மூடினால் போதாது.

இனி அந்த 'இருப்பு பூஜ்யம்'. இதைத்தான் நான் ரொம்ப ஆபத்தானதாக நினைக்கிறேன். இணைப்பு அறுந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். பூஜ்யம் என்ற பதிலோ சரியான பதில் போலவே வந்து உட்கார்ந்துகொள்ளும். பைத்தானில் எஸ்கியூலைட் ஃபைலைத் திறக்கச் சொன்னால், அந்தப் பெயரில் ஃபைல் இல்லாவிட்டாலும் அது குறை சொல்லாது. அந்த இடத்தில் புதிதாக ஒரு காலி ஃபைலை உருவாக்கிக்கொள்ளும். தம்பி ஃபைலின் பெயரை மட்டும் எழுதியிருந்தால், டெர்மினலில் அவன் ஃபோல்டரிலேயே நிற்பதால் உண்மையான கணக்கு திறக்கும். ஆப் வேறு ஃபோல்டரிலிருந்து தொடங்குவதால் காலி ஃபைல் திறக்கும். 'டேபிள் இல்லையென்றால் உருவாக்கு' என்ற வரியும் இருந்துவிட்டால் எரர்கூட வராது, பூஜ்யம் மட்டும் வரும். கம்ப்யூட்டரில் அதே பெயரில் இன்னொரு சின்ன ஃபைல் எங்காவது கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

முழுப் பாதை கொடுப்பதோடு, ஃபைலைப் படிக்க மட்டும் என்ற முறையில் திறக்கச் சொல்லுங்கள். பாதையை 'ஃபைல்:' என்று தொடங்கும் யூஆர்ஐ வடிவில் எழுதி, 'மோட்' என்பதற்கு 'ஆர்ஓ' கொடுத்து, திறக்கும் கட்டளையில் 'யூஆர்ஐ' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் போதும். ஃபைல் இல்லையென்றால் அப்போது உடனே எரர் வரும். ஏஜென்ட் என்ன குழப்பம் செய்தாலும் இந்த வழியாக உங்கள் கணக்கில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது.

இவ்வளவும் செய்த பிறகு நேராக ஏஜென்ட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம். எம்.சி.பி. இன்ஸ்பெக்டர் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. டூல் பட்டியல் வருகிறதா, ஒவ்வொரு டூலும் என்ன திருப்பித் தருகிறது என்று ஏஐ இல்லாமலேயே அதில் பார்க்கலாம். அங்கே சரியாக வந்து ஏஜென்ட்டில் தவறினால், கோளாறு கான்ஃபிக்கில் அல்லது டூலின் விளக்கத்தில் என்று பிரித்துவிடலாம்.

அந்த விளக்கத்தை எழுத தம்பி இல்லை, நீங்கள்தான் உட்கார வேண்டும். ஏஜென்ட் உங்கள் புரோகிராமைப் படிப்பதில்லை. டூலின் பெயர், அதன் விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல், இந்த மூன்றைப் பார்த்துத்தான் எதைக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிறது. பைத்தானில் ஃபங்ஷனின் தலையில் எழுதும் குறிப்பே பெரும்பாலும் விளக்கமாகப் போகும். அங்கே 'ஸ்டாக் எடுக்கும்' என்று மட்டும் இருந்தால், நெல்லா அரிசியா தவிடா என்று அதற்கு எப்படித் தெரியும்?

நம் பக்கத்தில் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 'பிசான நெல் எவ்வளவு கிடக்கு' என்று கேட்டால் உங்களுக்கு அர்த்தம் தெரியும். ஏஜென்ட்டுக்குத் தெரியும் என்று நம்பக் கூடாது. ஜூன் வாக்கில் தொடங்குவது கார், அக்டோபர் வாக்கில் தொடங்கி அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அறுப்புக்கு வருவது பிசானம் என்று விளக்கத்திலேயே எழுதுங்கள். பிசானம் இரண்டு ஆண்டுகளைத் தொடுவதால், '2025 பிசானம்' என்றால் 2025 அக்டோபரில் தொடங்கியதா, 2025 தொடக்கத்தில் அறுத்ததா என்ற குழப்பம் வரும். அதனால் ஆண்டை '2025-26' என்ற வடிவில் மட்டும் வாங்கும்படி டூலை அமையுங்கள்.

அளவும் அப்படித்தான். மூட்டை என்றால் உங்கள் மில்லில் எத்தனை கிலோ? நெல் மூட்டையும் அரிசி மூட்டையும் ஒன்றா? வயசான விவசாயிகள் கோட்டை என்ற பழைய நெல் அளவில் சொன்னதை யாராவது அப்படியே பதிந்திருக்கிறார்களா? டூல் எப்போதும் கிலோவிலேயே பதில் தரட்டும், பதிலோடு அலகையும் எழுதட்டும். வெறும் எண்ணைக் கொடுத்தால் ஏஜென்ட் தானாக ஒரு அலகை ஒட்டிவிடும்.

ரகப் பெயரை இஷ்டத்துக்கு எழுத விடாதீர்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகத்தையே ஒருவர் 'அம்பை 16' என்பார், இன்னொருவர் 'ஏஎஸ்டி 16' என்பார். இவைதான் ரகங்கள் என்று ஒரு நிலையான பட்டியலை டூலில் வைத்து, வழக்குப் பெயர்களை விளக்கத்தில் சொல்லிவிடுங்கள். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் காலி பதில் அனுப்பாமல், 'இந்த ரகம் இல்லை, உள்ளவை இவை' என்று திருப்பி அனுப்பட்டும். ஏஜென்ட் அதைப் படித்துத் தானே திருத்திக்கொண்டு மறுபடி கேட்கும்.

தமிழில் பதிந்திருந்தால் ஒன்று கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 'பொன்னி' என்பதில் உள்ள 'பொ'வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்கொம்பு, பின்கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு, தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும், இதை ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பைத்தானில் அதற்கு யூனிகோட்டேட்டா மாடியூல் இருக்கிறது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒரு விஷயம். சர்வர் உங்கள் மில்லில் ஓடினாலும், டூல் தரும் பதில் ஏஐ மாடல் ஓடும் நிறுவனத்தின் கிளவுடுக்குப் போகிறது. விவசாயிகளின் ஃபோன் நம்பர், ஆதார், வங்கிக் கணக்கு எதுவும் டூலின் பதிலில் வரக் கூடாது. டேபிளை மொத்தமாக எடுக்காமல், தேவையான நெடுவரிசைகளை மட்டும் எடுக்க வேண்டும். உங்களை நம்பித்தான் அவர்கள் அதையெல்லாம் தந்திருக்கிறார்கள்.

வரவு பதியும் டூலும் வேண்டும் என்று பிறகு தோன்றினால், அதைத் தனி டூலாக வையுங்கள். படிக்கும் டூலுக்கு 'எப்போதும் அனுமதி' கொடுத்துக்கொள்ளலாம், எழுதும் டூலுக்கு ஒவ்வொரு முறையும் நீங்களே பார்த்து அனுமதி கொடுங்கள். ஒரு டூல் படிக்க மட்டுமானது என்று சர்வர் அடையாளம் சொல்ல நெறிமுறையில் இடம் உண்டு. அது வெறும் குறிப்புதான், பூட்டு அல்ல. ஏஜென்ட் வியாபாரிகளின் மெயிலையும் படிக்கிறது என்றால் இன்னும் கவனம் வேண்டும். மெயிலுக்குள் யாரோ எழுதி வைத்த கட்டளையை உங்கள் கட்டளை என்று எடுத்துக்கொண்டு டூலைக் கூப்பிட்டுவிடும் அபாயம் உண்டு.

ஃபோனிலிருந்து கேட்க முடியும், ஆனால் இப்போதுள்ள முறையில் முடியாது. ஃபோன் ஆப்பில் இணைக்கும்போது அழைப்பு ஏஜென்ட் நிறுவனத்தின் கிளவுடிலிருந்து வரும். அதற்கு உங்கள் சர்வர் இணையம் வழியாகப் பேசும் ஸ்ட்ரீமபிள் எச்டிடிபி முறைக்கு மாறி, இணையத்தில் எச்டிடிபிஎஸ் முகவரியோடு நிற்க வேண்டும், யார் கேட்கிறார்கள் என்று சரிபார்க்க ஓஆத் என்ற அனுமதி முறை வேண்டும். மில் கம்ப்யூட்டரை அப்படித் திறந்து வைக்க நான் சொல்ல மாட்டேன். முகவரி யாருக்கும் தெரியாது என்பது பாதுகாப்பு ஆகாது. ராத்திரி மில் அடைத்த பிறகு ரகவாரி இருப்பை மட்டும் ஒரு சின்ன கிளவுட் சர்வருக்கு நகல் அனுப்பி, எம்.சி.பி. சர்வரின் இன்னொரு பிரதியை அங்கே ஓட்டுங்கள். பதிலில் எந்த நேரத்துக் கணக்கு என்பதும் வரட்டும். திசையன்விளையில் நின்று கேட்டாலும் நேற்று ராத்திரி வரைக்கான இருப்பு கிடைக்கும். விலை பேச அது போதும். அன்றைக்கு ஏற்றிய லோடு எவ்வளவு என்று மில்லுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.