விற்பனை கூடினால் கார்பன் கணக்கும் கூடுமா?

கேள்வி: புதுச்சேரி சேதராப்பட்டில் போல்ட், நட்டு செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். மாத உற்பத்தி 20 டன்னிலிருந்து 30 டன்னாகிவிட்டது. சரக்கை ஐரோப்பாவுக்கு அனுப்பும் சென்னை நிறுவனம் கார்பன் கணக்கு கேட்கிறது. "தொழில் வளர்ந்தால் கார்பனும் வளரும், மரக்கன்று சான்றிதழ் வாங்கினால் பூஜ்யமாகிவிடும்" என்கிறார் ஒரு ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பா கட்டணத்தோடு நடத்தும் எல்லைக் கார்பன் முறையில் (CBAM: இறக்குமதிச் சரக்கைச் செய்யும்போது வெளியான கார்பனுக்குக் கட்டணம்) மரம் நட்ட சான்றிதழைக் கழிக்க இடமே இல்லை. போல்ட், நட்டு அந்தப் பட்டியலில் இருப்பது தெரிந்துதான் இந்த ஆட்கள் தொழிற்பேட்டைகளைச் சுற்றுகிறார்கள். சிறு பட்டறைக்காரருக்கு இதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக்கொடுக்க ஆளில்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டால் அடுத்த அலுவலகத்தைக் காட்டுகிறார்கள். ஏஜென்ட்டுக்கு அதுதான் வசதி.

மொத்தம் வேறு, டன்னுக்கு எவ்வளவு என்பது வேறு. 20 டன்னுக்கு 10,000 யூனிட் கரண்ட், 30 டன்னுக்கு 13,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. (இது நாட்டுச் சராசரி. போல்ட், நட்டுக்கு ஐரோப்பா போடும் கட்டணத்தில் கரண்ட் இப்போதைக்குச் சேராது; வாங்குகிறவர் கேட்டால் காட்டத்தான் இந்தக் கணக்கு.) மொத்தம் 7,000 கிலோ 9,100 ஆகிறது, டன்னுக்கோ 350 கிலோ 303 ஆகக் குறைகிறது. ஏஜென்ட் காட்டுவது முதல் எண், வாங்குகிறவருக்கு வேண்டியது இரண்டாவது. 2005-ஐ ஒப்பிட்டு 2030-க்குள் 45 சதவீதம் குறைப்போம் என்று இந்தியா சொன்னதும் ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) ரூபாய்க்கு இவ்வளவு என்ற உமிழ்வைத்தான், மொத்தம் கூடலாம். பிரிட்டனில் 1990-க்குப் பிறகு பொருளாதாரம் வளர்ந்தும் மொத்தமே ஏறக்குறைய பாதியானது. சில ஆலைகள் வெளிநாடு போனதும் அதற்கு ஒரு காரணம், அதை அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

புயல் மாதம் மட்டும் விதிவிலக்கு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது போல கரண்ட் இல்லாமல் ஜெனரேட்டர் ஓடினால், லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ. உற்பத்தியும் படுத்துவிடுவதால் டன் கணக்கு எகிறும். அந்த மாதத்தை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள். டீசல் பில்லை வைத்துக்கொண்டு ஆண்டுச் சராசரி போடுங்கள், மின்தடை தேதிகளைப் பக்கத்தில் எழுதுங்கள்.

ஆனால் மின்சாரம் சின்னப் பங்குதான். பெரும்பங்கு உங்கள் கம்பி உருவான ஆலையில்: இரும்புத்தாதும் நிலக்கரியும் போட்டுச் செய்த எஃகு என்றால், ஒரு டன் எஃகுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. கம்பி விற்பவரிடம் ஆலையின் எண்ணை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் ஐரோப்பா தானே ஒன்றைப் போடும், அது உங்களுக்குப் பாதகமாக, கூடுதலாகவே இருக்கும். ஏஜென்ட் மறுபடி வந்தால், அந்தச் சான்றிதழைப் படிவத்தில் எந்த இடத்தில் எழுதுவது என்று கேளுங்கள்.