கோழித் தீவனத்தில் தேனீக்கள் மொய்ப்பது ஏன்?
கிருஷ்ணகிரியில் உங்கள் வீட்டுக் கோழித் தீவனத்தைத் தேனீக்கள் மொய்க்கின்றன, மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவை தேடி வருவது அரைத்த மக்காச்சோளம், சோயாவில் இருக்கும் மாவுத் தூசியை. கூட்டில் தங்கள் குஞ்சுப் புழுக்களை வளர்க்கப் புரதம் வேண்டும். வழக்கமாக அது மகரந்தத்தில் கிடைக்கும். பூ குறைந்த நாட்களில் மகரந்தத்துக்குப் பதிலாக இந்தத் தூசியைத்தான் பின்னங்காலில் உருட்டிக்கொண்டு போகும். உற்றுப் பாருங்கள், காலில் வெளிறிய உருண்டை தெரியும்.

மருந்து மட்டும் வேண்டாம், அதைக் கோழியும் தின்றுவிடும். தீவனத்தை ஈரமாகப் பிசைந்து அந்தந்த வேளைக்கு மட்டும் வையுங்கள். மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். சலித்த தூசியைக் கொஞ்சம் தொலைவில் ஒரு தட்டில் வைத்தால் கூட்டம் அங்கே நகரும். இரை தேடும் தேனீ சீண்டாமல் பெரும்பாலும் கொட்டாது. அப்புறம், புங்கமரம் பூத்தால் வரத்து தானாகவே குறையும்.