கோடை இடிமழையில் ஒரு வாரம் குடும்பத்தோடு வீட்டுக்குள் அடைபட்டு இருக்க நேர்ந்தால் எப்படிச் சமாளிப்பது?

கேள்வியில் 'வீட்டுக்குள் அடைபட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அடைபட்ட உணர்வுக்குப் பாதிக் காரணம், கோடை இடிமழையை அடைமழையாக நினைத்துக் காலையிலிருந்தே கதவைச் சாத்திக்கொள்வதுதான். வெயில் தரையைச் சுட வேண்டும், சூடான ஈரக்காற்று மேலே ஏற வேண்டும், அது மேகமாகத் திரள வேண்டும். இதற்கெல்லாம் பிற்பகல் ஆகிவிடுகிறது. தனி மேகம் ஒன்றின் ஆட்டம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டும் நாட்களில்தான் இரவுவரை நீளும். வானமே இப்படி நேரம் வகுத்துக்கொண்டு வரும்போது, நம் வீட்டு நேரத்தை அதற்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் போதும் என்பதுதான் என் பதில்.

போன கோடையில் எங்கள் வீட்டில் ஆறு பேர்: நான், கணவர், பத்து வயது மகள், ஐந்து வயது மகன், மாமனார், மாமியார். தினமும் மாலையானால் இடி என்றானபிறகு நாளைத் தலைகீழாகத் திருப்பிவிட்டோம். குழந்தைகள் மாலையில் ஆடும் ஆட்டமெல்லாம் காலைக்கு மாறியது. துவைப்பது, சமைப்பது, தொலைபேசிகளுக்கும் கைவிளக்குகளுக்கும் மின்னேற்றுவது, குடங்களில் தண்ணீர் நிரப்புவது எல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிடும். நானும் கணவரும் வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்பவர்கள். கவனம் தேவைப்படும் வேலையை முற்பகலுக்குள் முடித்துக்கொண்டோம். பிற்பகலில் கணவர் அறை அறையாகப் போய்த் தொலைக்காட்சி, கணினி, இணையப் பெட்டி எல்லாவற்றின் பிளக்கையும் உருவி வைப்பார். மின்னல் வெட்ட ஆரம்பித்தபின் பிளக்கை உருவ ஓடுவது ஆபத்து. அப்போது கம்பிகளையும் சாதனங்களையும் தொடாமல் இருப்பதே நல்லது.

மழை வருவதை முதலில் கண்டுபிடிப்பவர் மாமியார்தான். புழுங்கிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். மேகத்துக்குள் பெய்யும் மழையால் குளிர்ந்து கனத்த காற்று கீழே இறங்கித் தரையோடு பரவி, மழைக்கு முன்பே நம்மிடம் வந்துசேர்கிறது. இந்த விளக்கமெல்லாம் மாமியாருக்குத் தேவைப்படவில்லை. காற்று மாறிய அந்த நொடியிலேயே கொடியில் இருக்கும் துணிகள் அவர் கையில் இருக்கும். உள்ளே போட்ட துணிகள் அந்த வாரம் முழுக்கக் காயவில்லை என்பது வேறு கதை.

எங்கள் பெரிய சிக்கல் மாமனார். இடிமழையை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தால்தான் அவருக்கு மழை பார்த்த மாதிரி. திறந்த வராந்தா மின்னலுக்குப் பாதுகாப்பான இடமில்லை என்று மகன் சொல்லியும் கேட்கவில்லை, மருமகள் சொல்லியும் கேட்கவில்லை. பேத்தி சொன்னாள், கேட்டார். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி இடி கேட்கும்போது நிறுத்தினால், ஒவ்வொரு மூன்று நொடிக்கும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். கூடவே, இடிச் சத்தம் காதில் விழுகிறது என்றாலே அடுத்த மின்னல் நம் பக்கம் விழக்கூடிய தூரத்தில்தான் மேகம் இருக்கிறது, கடைசி இடிக்குப்பின் 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே போக வேண்டும் என்பதையும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம் குறித்துக்கொண்டு வாசல் கதவுக்கு உள்ளே உட்கார்ந்துவிட்டாள். "தாத்தா, இன்னும் பதினொரு நிமிடம் இருக்கிறது" என்பாள். தூரத்தில் ஒரு உறுமல் கேட்டால் மறுபடி முதலிலிருந்து கணக்கு. அவரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போலக் கதவுக்கு உள்ளே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"மின்னல் ஒரே இடத்தில் இரண்டு முறை விழாது" என்று ஒருநாள் அவர் வாதாடிப் பார்த்தார். உயரமான கட்டடங்கள்மீது ஒரே ஆண்டில் பல முறை விழுகிறது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 20 முறைக்கும் மேல். ராய் சல்லிவன் என்ற அமெரிக்க வனக்காவலர் 1942-க்கும் 1977-க்கும் இடையில் ஏழு முறை மின்னல் தாக்கியும் பிழைத்தவர். இதைச் சொன்னதும், "அவரும் வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பார்" என்றாள் மகள். வாதம் முடிந்தது.

மகனுக்குத்தான் உண்மையான பயம். "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. வீடு அதிரும்போது ஒன்றுமில்லை என்றால் குழந்தை எப்படி நம்பும்? மின்னல் ஓடும் பாதையில் காற்று 30,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகிச் சட்டென்று விரிவதால் வரும் சத்தம்தான் இடி என்று சொன்னேன். சூரியனைவிடச் சூடா என்று கேட்டான். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரிதான் என்றதும் அவனுக்கு ஒரே பெருமை, ஏதோ தானே சூடாக்கியதுபோல. பயம் போய்விடவில்லை. ஆனால் மடியில் ஒளிந்துகொண்டே அடுத்த இடிக்குக் காது கொடுக்க ஆரம்பித்தான். இடிக்கும்போது குளிக்கக் கூடாது, குழாய் வழியாக மின்சாரம் வரலாம் என்ற செய்தியை மட்டும் உடனே மனப்பாடம் செய்துகொண்டான்.

மின்சாரம் போனால் வீட்டில் சண்டை தொடங்கும் இடம் குளிர்பதனப் பெட்டி. மூடியே வைத்திருந்தால் உள்ளே குளிர் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். நிரம்பிய உறைபெட்டி 48 மணி நேரம்வரைகூடத் தாங்கும். திறந்து திறந்து பார்த்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஆகவே கதவில் ஒரு ஒட்டுநாடா. அதை ஒட்டியதும் கணவர்தான், இரவில் பிய்த்ததும் அவர்தான்.

இணையத்தில் 'மழை நாளில் குழந்தைகளோடு செய்ய 50 விஷயங்கள்' வகைப் பட்டியல்கள் கிடைக்கும். எனக்கு அவை பிடிக்காது. குழந்தைகளுக்கு நிகழ்ச்சி நடத்திக் களைத்துப்போவது பெரியவர்கள்தான். சற்று நேரம் அலுத்துப்போக விட்டுவிடுங்கள். ஓர் இருண்ட மாலையில் மாமியாரின் பழைய டப்பா ஒன்றைக் குழந்தைகள் கண்டுபிடித்தார்கள். உள்ளே எந்தப் பூட்டுக்கு என்று யாருக்குமே தெரியாத சாவிகள். வீட்டில் இருக்கும் எல்லாப் பூட்டிலும் எல்லாச் சாவியையும் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெட்டி திறந்தது. அதற்குள் இன்னும் இரண்டு சாவிகள் இருந்தன. இப்படி ஒரு விளையாட்டை நான் யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. வெயிலால் எழும் மேகங்களுக்குத்தான் இந்த நேரக் கணக்கு. குளிர்ந்த காற்றுத் தொகுதி ஒன்று நகர்ந்து வந்தால் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் இடிக்கும். அதனால் காலையில் எழுந்ததும் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டே நாளைத் திட்டமிடுங்கள். எங்களுக்கும் ஒருநாள் விடியும் முன்பே வந்துவிட்டது. அன்றைய வேலைகள் எல்லாம் குழம்பின. மாமனாருக்கு மட்டும் கொண்டாட்டம், நேரம் பார்க்கும் அதிகாரி அப்போது நல்ல தூக்கத்தில் இருந்தாள்.