ஒரே பெயரைத் திரும்பத் திரும்பப் பாடியவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விடுதி நண்பன் ஒருவன் பர்னிங் ஸ்பியர் என்பவரின் 'மார்கஸ் கார்வி' ஆல்பத்தைப் போட்டுக் காட்டினான். நாலு பாட்டு கேட்டேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, சொன்னதையே சொல்கிறார். ரெக்கே இசை என்றால் பாப் மார்லி படம் போட்ட டிசர்ட், சடைமுடி, கஞ்சா, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இவரிடம் அப்படி என்ன இருக்கிறது?

கே., மதுரை

அன்புள்ள கே.,

சொன்னதையே சொல்கிறார் என்பது உண்மைதான். முதல் முறை கேட்டபோது நானும் இரண்டாவது பாட்டிலேயே நிறுத்திவிட்டேன். எதைச் சொல்கிறார் என்று பிறகுதான் கவனித்தேன்.

ஜமைக்காவின் வடகரையில் செயின்ட் ஆன்ஸ் பே என்று ஒரு சின்ன ஊர். மார்கஸ் கார்வி 1887இல் அங்கேதான் பிறந்தார். கறுப்பின மக்கள் ஆப்பிரிக்காவைத் தங்கள் தாய்வீடாக நினைக்க வேண்டும் என்று பேசி, அமெரிக்காவில் பெரும் இயக்கம் கட்டி, கப்பல் கம்பெனி தொடங்கி, மோசடி வழக்கில் சிறைக்குப் போய், நாடு கடத்தப்பட்டு, கடைசியில் 1940இல் லண்டனில் இறந்தவர். அவர் உடலை 1964இல் ஜமைக்காவுக்குக் கொண்டுவந்து தேசிய வீரர் என்றார்கள். ஐம்பது சென்ட் நோட்டில் படமும் போட்டார்கள். அதே ஊரில் 1945இல் பிறந்தவர் வின்ஸ்டன் ராட்னி, அவர்தான் நீங்கள் கேட்ட பர்னிங் ஸ்பியர். 1975இல் வந்த அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டு முழுக்க என்ன சொல்கிறார் தெரியுமா? கார்வியை ஒருவருக்கும் நினைவில்லை என்கிறார். அப்போது நோட்டில் இருந்த ஆளைப் பற்றி! இன்னொரு பாட்டில் அடிமைக் காலம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மறந்து போனவர்களிடம் ஒரு தடவை கேட்டு விட்டுவிட முடியுமா? அந்த ஆல்பத்தோடும் அவர் நிறுத்தவில்லை. பிறகு வந்த ஆல்பங்களிலும் கார்வி வந்துகொண்டே இருப்பார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ராஸ்தாஃபரி என்பது ஜமைக்காவில் பிறந்த ஒரு மதம். அதைப் பின்பற்றும் ராஸ்தாக்களுக்குக் கார்வி தீர்க்கதரிசி, எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி கடவுள். ஆனால் கார்வி ராஸ்தா இல்லை. இத்தாலி படையெடுத்தபோது நாட்டை விட்டு வெளியேறினார் என்று செலாசியைக் கடுமையாகத் திட்டி எழுதியவர். பக்தர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கஞ்சா பற்றிக் கேட்டதால் ஒன்று. அந்தச் சொல்லே 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன இந்தியர்களோடு அந்தத் தீவுக்குப் போனதுதான். ராஸ்தாஃபரியை முதலில் பரப்பியவர்களில் ஒருவரான லெனார்ட் ஹவெல் தன் பிரசுரத்தில் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் ஜி. ஜி. மராக். மகாராஜ் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

ராட்னி பாட வந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். 1969இல் மலைப்பாதையில் பாப் மார்லியைப் பார்க்கிறார். மார்லி கழுதை, வாளி, வெட்டுக்கத்தி சகிதம் தன் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். எனக்கும் பாட ஆசை என்கிறார் இவர். கிங்ஸ்டனில் 'ஸ்டூடியோ ஒன்' என்ற ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போ என்கிறார் அவர். அவ்வளவுதான். பர்னிங் ஸ்பியர், அதாவது எரியும் ஈட்டி, என்பது கென்யாவின் விடுதலைத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவுக்கு வழங்கிய பட்டப்பெயர். அதைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

'மார்கஸ் கார்வி' ஜாக் ரூபி தயாரித்த ஆல்பம். ஐலண்ட் என்ற இசைத்தட்டுக் கம்பெனி அதை வெளிநாட்டில் விற்றபோது, வெள்ளைக்காரக் காதுகளுக்குப் பிடிக்கட்டும் என்று ஒலிக்கலவையை மாற்றி, வேகத்தையும் கூட்டியது. இவருக்குக் கோபம். சொந்தமாக ஒரு இசைத்தட்டு லேபிள் தொடங்கினார். அந்த வீம்பு இல்லாமல் இந்தக் குரல் இல்லை என்று எனக்குப் படுகிறது. பிற்பாடு நியூயார்க்கில் குடியேறினார், இரண்டு கிராமி வாங்கினார். அதெல்லாம் இணையத்தில் கிடைக்கும்.

ஒரே மாதிரி இருக்கிறது என்கிறீர்களே, பாட்டை விட்டுவிட்டு ஒரு தடவை டிரம்ஸை மட்டும் கேளுங்கள். நாலு எண்ணிக்கையில் முதல் அடி காலியாக இருக்கும், மூன்றில் கனமாக விழும். 'ஒன் டிராப்' என்பார்கள். கிட்டார் இரண்டிலும் நான்கிலும் சுருக்சுருக்கென்று வெட்டும். பாட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது, அடித்தொனி கொடுக்கும் பேஸ் கிட்டார்தான். அதனால் செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதிப் பாட்டு காணாமல் போய்விடும். உங்கள் நண்பன் எதில் போட்டுக் காட்டினான்?

வாத்தியமே இல்லாமல் அவரைக் கேட்க வேண்டுமென்றால் 1978இல் வந்த 'ராக்கர்ஸ்' படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. செலாசி இறந்துவிட்டார் என்று 1975இல் செய்தி வந்தபோது ராஸ்தாக்கள் பலர் நம்பவில்லை. கடவுள் எப்படிச் சாவார்? அந்தப் படத்தில் இரவு நேரம், கடற்கரை. ஸ்பியர் உட்கார்ந்து, 'ஜா சாகவில்லை', அதாவது கடவுள் சாகவில்லை, என்று தன் மொழியில் பாடுகிறார். அலைச் சத்தம் மட்டும் கூட வருகிறது. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பாட்டு முடிகிற வரை மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் ஆல்பத்தை ஐந்தாவது பாட்டிலிருந்து தொடருங்கள். நாலுதானே கேட்டிருக்கிறீர்கள்.