அந்த கார்டில் இனி ஒரு படமும் எடுக்காதீர்கள்

பொதுக்கூட்டத்தில் தொண்டர்கள் நாலு பேர் கேமராவைப் பிடுங்கிப் படங்களை அழித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கொதித்தது. முதலில் மெமரி கார்டை வெளியே எடுத்து வையுங்கள். மேலே எதுவும் பதியாதவரை அழித்த படங்கள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வைத்து மீட்டு, கணினியில் சேமியுங்கள்.

இனிமேல் போகலாமா என்று கேட்டீர்களே, கண்டிப்பாகப் போங்கள். படத்தை அழிக்க எந்தத் தொண்டருக்கும் அதிகாரம் கிடையாது. 2017 ஜனவரியில் மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில், செல்போன் வெளிச்சங்களுக்கு நடுவே நின்று படமெடுத்தபோது யாரிடமும் அனுமதி கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. சுதந்திரம் என்றால் எனக்கு இன்றும் அந்த ராத்திரிதான். சரி, அடுத்த முறை துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். மேடையை விட்டுக் கடைசி வரிசைக்கு வாருங்கள். கொடியை மடியில் வைத்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கும் பெரியவர் அங்கேதான் இருப்பார்.