லாரி இன்ஜின் சூடே ஏறவில்லை: 82-க்குப் பதில் 88 தெர்மோஸ்டாட் போடலாமா?

கேள்வி: தர்மபுரியில் பத்துச் சக்கர லாரி வைத்திருக்கிறேன். ஹீட் மீட்டர் முள் பாதிக்கு வருவதே இல்லை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அடியிலேயே படுத்துவிடுகிறது. தெர்மோஸ்டாட்டை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். கழற்றியதில் 82 என்று அடித்திருக்கிறது. 88 போட்டால் சூடு ஏறுமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்:

88 வேண்டாம். 82 என்று இருந்தால் 82-ஐயே வாங்குங்கள். (தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் தண்ணீர் அந்த டிகிரி சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை மூடி வைத்திருக்கும் வால்வு.) ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். நான் அப்படித்தான் வாங்கி இரண்டு தெர்மோஸ்டாட்டுக்குக் காசு கொடுத்தேன், இரண்டும் வீண்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு பழைய வண்டியை வாங்கினேன். விற்றவர் பெருமையாகச் சொன்னார்: "வண்டி சூடே ஆவாதுங்க, எவ்ளோ தூரம் வேணா ஓட்டுங்க." முதல் மார்கழியிலேயே அந்தப் பெருமையின் லட்சணம் தெரிந்தது. சங்ககிரியில் சிமெண்ட் ஏற்ற வெறும் வண்டியாகப் போகும்போது, தொப்பூர் இறங்கி முடிப்பதற்குள் முள் அடியில் கிடக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, கண்ணெரியும் டீசல் வாடை. அதே வண்டி சிமெண்டோடு தொப்பூர் ஏறும்போது முள் சிவப்பைத் தொடும்! குளிரவும் குளிருது, கொதிக்கவும் கொதிக்குது, இது என்ன வண்டியோ என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

தெர்மோஸ்டாட் உட்காரும் ஹவுசிங்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குண்ணா" என்று யாரோ ஒருவர் கழற்றி எறிந்திருக்கிறார். நம் பக்கம் பாதிப் பட்டறைகளில் இதே பேச்சுதான். அதனால் முதலில் இதை விளக்கிவிடுகிறேன், பிறகு எப்படி வாங்குவது என்பதற்கு வருகிறேன்.

இன்ஜினிலிருந்து வெளியே வரும் சூடான தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று ரேடியேட்டருக்கு. இன்னொன்று பைபாஸ், ரேடியேட்டருக்குப் போகாமல் நேராகப் பம்புக்கே திரும்பிவிடும். பெரும்பாலான லாரி இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டு இருக்கும். மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, அடித்தட்டு கீழே இறங்கி பைபாஸ் ஓட்டையை மூடும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் இரண்டு வழியும் எப்போதும் திறந்தே கிடக்கும். இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலையே இல்லை, டீசலும் போவதில்லை. ஆனாலும் தண்ணீர் ரேடியேட்டரைச் சுற்றிச் சுற்றி ஆறிக்கொண்டே இருக்கும். ஏற்றத்தில் மொத்தத் தண்ணீரும் ரேடியேட்டருக்குப் போக வேண்டிய நேரத்தில், ஒரு பங்கு ஆறாமலே பைபாஸில் திரும்பி வந்துவிடும். என் வண்டி இரண்டு பக்கமும் படுத்தியது இதனால்தான். கழற்றிவிட்டால் வண்டி கூலாக ஓடும் என்பது பாதி உண்மைகூட இல்லை.

சரி, கடைக்குப் போனேன். மேனுவலில் 82 டிகிரி என்று இருந்தது. கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார், 82 என்று அடித்திருந்தது, பார்க்கவும் சரியாக இருந்தது. மாட்டினோம். ஏற்றத்தில் கொதிப்பது நின்றது. இறக்கத்தில் மட்டும் முள் 60-க்குக் கீழேயே. அப்போதுதான் உங்களுக்கு வந்த அதே யோசனை எனக்கும் வந்தது: 88 போட்டால் தானாக ஆறு டிகிரி கூடும் இல்லையா? போட்டேன். இறக்கத்தில் அதே 60. ஏற்றத்தில் மட்டும் முன்பைவிடச் சூடு.

தருமபுரியில் ஒரு வயதான மேஸ்திரிதான் கண்டுபிடித்தார். ஹவுசிங்கைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டை அதன் குழியில் வைத்து, ஒரு விரலால் லேசாகத் தள்ளினார். டப்பாவுக்குப் பொருந்தாத மூடி மாதிரி கடகடவென்று ஆடியது. "கேட்டியா சத்தம்?" என்றார். வெர்னியர் வைத்து அளந்தால் வெளி விட்டம் குழியைவிட ஒன்றரை மில்லி குறைவு. கம்பெனி தெர்மோஸ்டாட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் கவ்வியிருக்குமாம். கடையில் கொடுத்த இரண்டிலும் அது இல்லை. வால்வு இறுக்கமாக மூடித்தான் இருந்தது, ஆனால் தண்ணீர் வால்வைத் தொடாமலே விளிம்பைச் சுற்றி ரேடியேட்டருக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஒழுகும்போது 82 போட்டால் என்ன, 100 போட்டால்தான் என்ன? மேஸ்திரி இன்னொன்றும் செய்து காட்டினார். தெர்மோஸ்டாட்டைக் குழியில் வைத்து மேலே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். எண்ணி ஐந்து விநாடியில் கீழே இறங்கிவிட்டது. சரியானது சொட்டுச் சொட்டாகக் கசியலாமே தவிர, இப்படி ஓடாது.

ஆகவே கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள், மேஜைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளிம்பின் விட்டம், விளிம்பின் கனம், ரப்பர் வளையம் உண்டா இல்லையா என்று பாருங்கள். அடித்தட்டு இருந்தால், விளிம்பிலிருந்து அந்தத் தட்டுவரை உள்ள உயரத்தை அளக்க மறக்காதீர்கள். அது இரண்டு மில்லி குட்டையாக இருந்தாலும் முழுதாகத் திறந்தபின்பும் பைபாஸ் மூடாது, தொப்பூர் ஏற்றத்தில் தெரியும் சேதி. அடித்தட்டே இல்லாத ஒன்றை "இதுவும் சேரும்ணா" என்று தள்ளிவிடுகிற கடையும் உண்டு. உங்களுடையது லேலண்டா, டாடாவா, பாரத் பென்ஸா என்று நீங்கள் சொல்லவில்லை. எதுவானாலும் இன்ஜின் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பர் வாங்கிக்கொள்வதே நிம்மதி. வண்டி மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒரே மாடலுக்குள் இரண்டு வகை இன்ஜின் இருந்து ஏமாற வாய்ப்பு அதிகம். சில பெரிய இன்ஜின்களில் ஒரே ஹவுசிங்கில் இரண்டு தெர்மோஸ்டாட் இருக்கும். அங்கே ஒன்றை மட்டும் மாற்றுவது வீண், ஒழுகுவது இன்னொன்றாக இருந்தால் திரும்பவும் அதே பிரித்து மாட்டும் வேலை.

விளிம்பில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடுகிற ஒரு குண்டூசி போன்ற ஆணியும் இருக்கும். தண்ணீர் நிரப்பும்போது காற்று வெளியேற அது. மாட்டும்போது அந்த ஆணி மேல்பக்கம் வர வேண்டும், சூட்டில் விரிந்து வால்வைத் திறக்கும் மெழுகுக் குப்பி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். ஆணி இல்லாத தெர்மோஸ்டாட் கிடைத்தால் சிலர் ட்ரில் போட்டு இரண்டு மூன்று ஓட்டை போட்டுவிடுவார்கள். காற்று போகிறதோ இல்லையோ, சூடு போய்விடும்.

இனி அந்த எண். 82 என்றால் அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கும் என்று பொருள், முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏற வேண்டும். பழைய சரக்கில் 180 என்று இருந்தால் பயப்படாதீர்கள், அது ஃபாரன்ஹீட், அதே 82-தான். 190 என்றால் 88. தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்வது இன்ஜின் இதற்குக் கீழே போகாமல் இருப்பதை மட்டும்தான். மேலே எதுவரை போகும் என்பது ரேடியேட்டரும் ஃபேனும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஆகவே கொதிக்கிற வண்டிக்கு 71 போடுவதும் தப்பு, குளிர்கிற வண்டிக்கு 88 போடுவதும் தப்பு. ஃபேன் எப்போது சுற்ற வேண்டும், டீசலை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் கம்பெனி கொடுத்த எண்ணை வைத்தே கணக்குப் போட்டிருக்கும். 88 போட்டுவிட்டால் சித்திரை வெயிலில் லோடோடு ஏறும்போது கைவசம் இருக்கிற ஆறு டிகிரியை நாமே தின்றுவிட்டோம் என்று அர்த்தம்.

வண்டியில் மாட்டும் முன் ஒரு சோதனை: வீட்டில் பழைய பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்து, தெர்மோஸ்டாட்டை உள்ளே போட்டுத் திறந்ததும் ஒரு பருத்தி நூலை வாய்க்குள் கொடுத்து ஆறவிடுங்கள். நூலைக் கவ்விக்கொள்ளும். பிறகு ஆறிய தண்ணீரில் அந்த நூலிலேயே தொங்கவிடுங்கள், பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். மெதுவாகச் சூடு ஏற்றினால், வால்வு திறக்கும் நொடியில் நூலிலிருந்து நழுவி விழும். அப்போது தெர்மாமீட்டர் 80-லிருந்து 84-க்குள் காட்டினால் 82 நல்ல சரக்கு. நம் ஊர் உயரத்தில் தண்ணீர் 98, 99-லேயே கொதித்துவிடும் என்பதால் 88 முழுதாகத் திறக்கிறதா என்று வெறும் தண்ணீரில் பார்க்க முடியாது. (வீட்டம்மாவின் நல்ல பாத்திரத்தை எடுக்க வேண்டாம். நான் எடுத்தேன்.)

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் வண்டி நிஜமாகவே குளிர்கிறதா, முள்தான் பொய் சொல்கிறதா என்று பாருங்கள். சென்சார் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி மாட்டியிருந்தால் எர்த் சரியாகக் கிடைக்காமல் முள் குறைத்துக் காட்டும். கூலண்ட் குறைந்து சென்சார் தண்ணீரைத் தொடாமல் நின்றாலும் அப்படித்தான். லேசர் தெர்மாமீட்டர் வைத்திருப்பவரிடம் வாங்கி ஹவுசிங்கில் பிடியுங்கள், ஆனால் பளபளக்கும் அலுமினியத்தில் நேராகப் பிடித்தால் அது குறைவாகவே காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் பிடிக்க வேண்டும். அப்புறம் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் தொட்டுக்கொண்டே இருங்கள், ஃபேனிடமிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு. நல்ல தெர்மோஸ்டாட் என்றால் முள் 80-ஐ நெருங்கும்வரை ஹோஸ் ஆறியே இருந்து, அதன் பிறகு சட்டென்று சுடும். முதல் நிமிடத்திலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் எங்கேயோ ஒழுகுகிறது.

ஃபேன் எப்போதும் சுற்றுவதால்தான் குளிர்கிறது என்று சிலர் சொல்வார்கள். தெர்மோஸ்டாட் சரியாக மூடினால் ரேடியேட்டருக்குத் தண்ணீரே போகாது, ஃபேன் எவ்வளவு சுற்றினால் என்ன? டீசல் வீணாகும், அது வேறு கணக்கு.

குளிர்ந்தால் ஓடிவிட்டுப் போகட்டுமே என்று விடவும் முடியாது. எரியாத டீசல் சிலிண்டர் லைனர் சுவரில் இறங்கி ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதில் ஏறினால், டீசல் வாடை அடிக்கிறதா என்று மோந்து பாருங்கள். உங்களுடையது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டி என்றால் கூலண்ட் சூடு ஏறாமல் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) சுத்தமாவதும் தள்ளிக்கொண்டே போகும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், பிறகு செலவு தெர்மோஸ்டாட் விலையில் நிற்காது.

ஒன்றே ஒன்று நம் மாவட்டத்துக்காக. புதிதாக மாட்டியபின் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இன்ஜினைக் கெடுப்பது ஃபுளோரைடு இல்லை, போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு உப்பு. என் அடுத்த வண்டியில் தெர்மோஸ்டாட் வாயில் வெள்ளையாகச் சோளப்பொரி மாதிரி படிந்து, வால்வு மூடவே முடியாமல் நின்றிருந்தது. கம்பெனி சொல்லும் கூலண்டை, அவர்கள் சொல்லும் அளவில், டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். நமக்கு உறைந்துபோகும் குளிர் இல்லைதான், துருவும் உப்பும் பிடிக்காமல் இருக்கத்தான் இது.

மாட்டும்போது குழியில் பழைய பேக்கிங் ஒட்டியிருந்தால் பிளேடால் சுரண்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கேஸ்கெட் பேஸ்டை அள்ளிப் பூச விடாதீர்கள், உள்ளே பிதுங்கியது உடைந்து ரேடியேட்டருக்குப் போய்விடும்.

அந்த மேஸ்திரி சொன்ன பார்ட் நம்பரில் சேலத்திலிருந்து வரவழைத்து மாட்டிய பிறகு, வெறும் வண்டியாகத் தொப்பூர் இறங்கிச் சுங்கச்சாவடியில் நின்றபோது முள் 80-க்குச் சற்றுக் கீழே இருந்தது. டிரைவர் மீட்டர் கண்ணாடியை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

உங்கள் பழையதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அடித்தட்டு தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு படம், விளிம்பு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து இங்கே போடுங்கள். இன்ஜின் எது என்பதையும் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.