மதத்தில் நம்பிக்கை போய்விட்டால் நல்லது கெட்டதை எதை வைத்து முடிவு செய்வது?

சிறு வயதிலிருந்து பழகிய மதத்தில் நம்பிக்கை போய்விட்டது, இனி எது சரி எது தப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும், வீட்டில் இன்னும் வாயைத் திறக்கவில்லை, கூப்பிட்டால் பேசாமல் கூடப் போய்விட்டு வருகிறீர்கள் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள், அவரிடமே போய்க் கேளுங்கள். எனக்கு இது எப்படி வந்தது என்பதுதான் கொஞ்சம் நீளம்.

நாங்கள் சாத்தான்குளம் பக்கம். 1799-லேயே முதலூர் கிறிஸ்தவக் குடியிருப்பாக உருவான வட்டாரம். எங்கள் குடும்பத்தில் முதலில் வேதத்துக்கு வந்தது யார் என்று சொல்லத் தெரிந்த ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. ஞாயிறு பாடசாலை, விடுமுறையில் வேதாகமப் பள்ளி, திடப்படுத்தல், அசனப் பண்டிகையில் வரிசையில் உட்கார்ந்து சாப்பாடு என்று எனக்கும் எல்லாம் முறையாக நடந்தது. மனப்பாட வசனப் போட்டியில் வாங்கிய எவர்சில்வர் டிபன் பாக்ஸில்தான் இன்றைக்கும் கடுகு போட்டு வைத்திருக்கிறேன்.

தாத்தா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். பாட்டி அதற்கு முன்பே இல்லை. பெரியப்பா, அப்பா, அத்தை என்று மூன்று பேர். எங்களுக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்; அதில் மகன், மகள் என்ற வித்தியாசம் கிடையாது, மூன்று பேருக்கும் சம பங்கு. ஆனால் கட்டிக்கொடுத்த பிள்ளைக்கு நகை போட்டாச்சே, அப்புறம் என்ன நிலம் என்பதுதான் ஊர்ப் பேச்சு. பட்டா மாற்றுவதற்கு என்று சொல்லி அத்தையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார் பெரியப்பா. அப்பா பக்கத்தில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து, ஒரு டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பெரியப்பா எழுந்து சாட்சி சொன்னார். "கூடப்பிறந்தவளுக்குத் துரோகம் பண்ணின பாவி நான். கர்த்தர் என்னை மன்னிச்சிட்டாரு. மனசு லேசாயிட்டு." சபை முழுக்க ஸ்தோத்திரம். அத்தையும் கை தட்டினார். வெளியே வந்து எல்லோரும் கேக் தின்றுகொண்டிருந்தபோது நான் கேட்டேன், "அப்போ பெரியப்பா, அத்தை பங்கைத் திருப்பிக் குடுத்திருவீங்களா?" அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "அதெல்லாம் கர்த்தர் சமூகத்துல தீர்த்தாச்சும்மா" என்றார்.

எனக்கு விட்டுப்போனது அங்கேதான். உலகம் ஆறு நாளில் உண்டானதா என்பதில் எல்லாம் எனக்கு ஒரு சண்டையும் இருந்ததில்லை.

இப்போது ஒருவர் வந்து மத்தேயு 5:23, 24 படித்தாயா என்பார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இருக்கிறது, தெரியும். இயேசுவைச் சந்தித்த ஆயக்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்கு திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னதும், லேவியராகமம் 6-இல் அபகரித்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருப்பதும் தெரியும். டிபன் பாக்ஸ் சும்மா வரவில்லை. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே அந்த இரவு ஸ்தோத்திரம் சொன்னார்கள் என்பதுதான் என் வருத்தம். மற்ற மதத்துக்காரர்கள் இதைப் படித்துச் சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் வீட்டு அத்தைகளின் கையெழுத்து எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்று ஒருதரம் பார்த்துவிட்டு வாருங்கள். சாமி இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் வீட்டிலும் இதே கதை உண்டு.

அதற்கப்புறம்தான் வேதத்தை வேறு கண்ணோடு படித்தேன். 1 சாமுவேல் 15-இல் அமலேக்கியரைக் கைக்குழந்தைகள் உட்படக் கொன்றுபோடச் சொல்லி சவுலுக்குக் கட்டளை வருகிறது. ஞாயிறு பாடசாலையில் எங்களுக்குச் சொன்ன பாடம், சவுல் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவிட்டுக் கீழ்ப்படியாமல் போனான் என்பது. குழந்தைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது படித்தால் வயிற்றைப் பிசைகிறது. அப்படியானால் அந்தப் புத்தகத்தையே நிறுத்துப் பார்க்கிற ஏதோ ஒன்று எனக்குள் ஏற்கெனவே இருந்திருக்கிறது. உங்களுக்கும் இருக்கும், இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அதில் பாதி அதே கோவில் கொடுத்ததுதான் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்க வேண்டும் என்று சட்டமா என்ன?

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது மதம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். விருப்பமில்லாதவர்கள் அப்படி விடலாம் என்று தமிழ்நாட்டில் 1973-லேயே அரசாணை இருக்கிறது. அலுவலகத்தில் இருந்தவரோ, "கம்ப்யூட்டர் எடுக்காது மேடம், ஏதாவது ஒண்ணு போடுங்க" என்றார். ஏதாவது ஒண்ணாம்! லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கத் தெரிந்த மென்பொருளுக்கு ஒரு காலிக் கட்டத்தை ஏற்கத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா காலமானபின் எங்கள் பக்கத்து நிலத்தை நானும் தம்பியும் விற்றோம். அப்பாவின் பாதியில் மூன்றில் ஒன்று அத்தைக்கு வந்திருக்க வேண்டியது. தம்பி, அவர் மனசார எழுதிக் கொடுத்தது என்றான். அது அவன் கணக்கு. என் கைக்கு வந்ததில் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். லேவியராகமம் சொன்ன ஐந்தில் ஒரு பங்கைச் சேர்க்கவில்லை, மேலே சொன்ன பள்ளிக்குக் கட்ட வேண்டியிருந்தது. "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா?" என்றார் அத்தை. பெரியப்பா செய்தது தப்பு, அப்பா பார்த்துக்கொண்டு நின்றதும் தப்பு என்று அத்தை முகத்துக்கு நேரே சொன்னேன். அழுதார், வாங்கிக்கொண்டார்.

அடுத்த டிசம்பர் 31 ஆராதனையில், எதிர்பாராத இடத்திலிருந்து கர்த்தர் பணம் அனுப்பினார் என்று அத்தை சாட்சி சொன்னாராம். என் பேர் வரவில்லை. சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கை, தசமபாகத்தை மட்டும் மறக்காமல் எடுத்துப் போட்டிருக்கிறார்.